சாயங்கால மாத்திரை

ஒரு மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும், அதன் எடையைச் சொல்லிவிடுவேன். கம்பெனிக்காரன் காகிதத்தில் பதினோரு டன் என்று போட்டிருப்பான். நான் பன்னிரண்டரை என்பேன். எடைமேடையில் ஏற்றினால் நான் சொன்னதுதான் நிற்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். அப்படியிருந்தும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குள் முப்பத்தைந்து வருஷமாக வந்து இறங்கிய பெரிய மெஷின்களில் பாதிக்கு மேல் என் ஆட்கள் நகர்த்தி உட்கார வைத்தவை. கலாசி வேலை என்று பெயர். கிரேன் நுழைய முடியாத ஷெட்டுக்குள் இரும்புக் குழாய்களை உருளையாகப் போட்டு, சங்கிலியில் இழுத்து, ஜாக்கியில் தூக்கி, ஒரு நூல் பிசகாமல் இறக்குவோம். இன்ஜினியருக்குப் படித்தவர்கள் என் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். நானாகச் சம்பாதித்த பெருமை, சொன்னால் என்ன?

ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது என் மனைவிக்கு வந்த நோயைப் பற்றி. என் வேலையைச் சொல்லாமல் அதைச் சொல்ல வழியில்லை. நான் செய்த தப்பு அந்த வேலைக்குள்ளிருந்துதான் வந்தது.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நான் ஏற்படுத்தியது. பெரிய மெஷின் ஏற்றி இறக்கிய நாளில், சாயங்காலம் டீ வந்ததும், ஆளுக்கொரு வலி மாத்திரை என் கையாலேயே கொடுப்பேன். இடுப்பு பிடித்தவனுக்கு இரண்டு. பிஸ்கட் டப்பா ஒன்றில் பட்டை பட்டையாக வாங்கி வைத்திருப்பேன். பஸ் நிலையத்து மருந்துக் கடைக்காரர் சீட்டெல்லாம் கேட்க மாட்டார். என் முகம்தான் சீட்டு. மறுநாள் காலையில் ஒருத்தன்கூட இடுப்பைப் பிடித்துக்கொண்டு வர மாட்டான். மற்றக் கலாசி மேஸ்திரிகளிடம் ஆள் நிற்காது, என்னிடம் நிற்கும். "மொதலாளி நம்ம ஒடம்பப் பாத்துக்குறாரு" என்று சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பொன்னாடை மாதிரி.

பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும். என் மனைவி நடு முதுகு வலிக்கிறது என்றாள். அவளும் லேசான ஆள் இல்லை. ஆரம்பாக்கத்தில் நாற்று நட்டு வளர்ந்தவள். என் முதல் மெஷினுக்கு ஆள் போதாமல் போன அன்று, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றின் கடைசியைப் பிடித்தவள். அப்படிப்பட்டவள் வலி என்று சொன்னால் கேட்டிருக்க வேண்டும். நான் டப்பாவைத் திறந்தேன்.

"இந்தாமே, காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நாலு நாள்ல பறந்துடும்."

"இன்னாய்யா, நான் இன்னா ஒன் கூலியாளா?"

"கூலியாளுங்க நல்லா கீறாங்க பாரு. துன்னுட்டு படு."

நாலு நாளில் வலி குறைந்தது. மாத்திரையை நிறுத்தினால் மறுபடி வந்தது. ஆகவே நிறுத்தவில்லை. ஐந்து மாதம், நாளுக்கு இரண்டு. இடையில் அவள் முகம் வெளுத்தது; வயசாகிறது என்றேன். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், வெயில் என்றேன். நாஷ்டாவைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றாள். பித்தம் என்று எலுமிச்சம்பழம் வாங்கிவந்தேன். எதைச் சொன்னாலும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. முப்பத்தைந்து வருஷம் பதில் சொல்லியே பழகியவன் நான்.

ஆனி மாதம் ஒரு காலையில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தவள் தும்மினாள். தும்மலோடு 'அம்மா' என்று விலாவைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று சோழவரத்தில் வாழ்க்கைப்பட்ட என் மகள் வந்திருந்தாள். ஒரே பிள்ளை, பட்டப்படிப்புப் படித்தவள். என்னிடம் கேட்காமலே ஆட்டோ பிடித்து எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனாள்.

தும்மியதில் விலா எலும்பு ஒடிந்திருந்தது.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் அன்றே ரத்தமும் எடுக்கச் சொன்னார். சாயங்காலம் மகள் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"நைனா, ரத்தம் பாதி கூட இல்ல. கிட்னி வேலை செய்யலன்னு போட்டுக்கீது. இன்னிக்கே மெட்ராஸ் போவணுமாம்."

"தும்முனதுக்கா?" என்றேன். நான் அப்படித்தான் கேட்டேன்.

மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரி. ரத்த நோய்க்கென்று தனி வார்டு. பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது என்பதால் மகள் உள்ளே, நான் வெளியே வராந்தாவில். கம்பெனி கேட்டில் என்னைப் பார்த்தால் வாட்ச்மேன் எழுந்து நிற்பான். இங்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன் என்று தரை துடைக்கும் அம்மா விரட்டினாள்.

மூன்றாம் நாள் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி உள்ளேயிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். குப்புறப் படுத்திருந்தவள் டாக்டரம்மாவிடம் கேட்டாளாம்:

"இன்னாமா, போர் போடுறீங்களா? தண்ணி வந்துச்சா?"

"வருதும்மா, அசையாதீங்க."

"நல்லாப் பாருங்க. நாங்க மீஞ்சூர்ப் பக்கத்து ஆளுங்க. உப்புத் தண்ணிதான் வரும்."

மகள் வந்து சொல்லும்போது சிரித்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

நோயின் பெயரைச் சொன்ன அன்று என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசுதான். பிளாஸ்மா செல் லுகேமியா என்றாள். எனக்கு அது பெயராகவே காதில் ஏறவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் பிளாஸ்மா செல் என்று ஒன்று உண்டு. நோயை எதிர்க்க ஒரு புரதம் செய்வது அதன் வேலை. அதில் ஒன்று கெட்டுப்போய், தன்னைப் போலவே பெருகி, ஒன்றுக்கும் உதவாத புரதத்தை நிற்காமல் செய்கிறது. எலும்பை அரிக்கிறது. நல்ல ரத்தம் ஊற இடம் விடுவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அந்தச் செல் எலும்புக்குள்ளேயே இருக்கும். இவளுக்கு ரத்தத்திலேயே இறங்கிவிட்டது. அது அபூர்வம், அதுதான் மோசம்.

எனக்குக் கம்பெனியின் மெஷின் ஷாப் ஞாபகம் வந்தது. ஒரு பிரஸ் மெஷின் சுவிட்ச் கெட்டு நிற்காமல் தப்பான பீஸாக அடித்துத் தள்ளினால் எப்படி இருக்கும்? பீஸ் குவிந்து, வழி அடைத்து, கால்வாய் அடைத்து, கடைசியில் ஷாப்பே நின்றுவிடும். அவள் கிட்னியில் அடைத்திருந்தது அந்தப் பீஸ்கள்தான்.

அப்போது டாக்டரம்மா பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"வலிக்கு மாத்திரை ஏதாவது எடுத்துக்கிட்டாங்களா? இந்த நோய் இருக்கிறப்ப வலி மாத்திரை கிட்னிக்கு விஷம் மாதிரி. அதனாலதான் கேக்கிறேன்."

என் நாக்கு என்னைக் கேட்காமல் பேசியது. "எப்பனாச்சும் ஒண்ணு ரெண்டும்மா."

கட்டிலில் இருந்தவள் என்னைப் பார்த்தாள். ஒரு விநாடிதான்.

"இந்தாளுக்கு இன்னாம்மா தெரியும்? நான்தான் கடையில வாங்கித் துன்னேன். தெனம் ரெண்டு. அஞ்சு மாசம். இவுரு வாணாம் வாணாம்னுதான் சொன்னாரு."

டாக்டரம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். எழுதி முடிக்கும் வரை நான் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். இல்லை, நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல அங்கே நேரம் இருந்தது. நிறையவே இருந்தது.

டாக்டரம்மா போன பிறகு குனிந்து கேட்டேன்: "இன்னாத்துக்குமே பொய் சொன்ன?"

"ஒன் மானம் போச்சுன்னா ஊட்ல எவ ஒன்னக் கட்டி மேய்க்கிறது? போ, போய் டீ குடி." பிறகு, "பாத்தியாய்யா, என்க்கு வந்த நோயிகூட ஊர்ல எவளுக்கும் வராத நோயி. நீ மட்டுந்தான் பெரியாளா?" என்றாள்.

வைத்தியம் இதுதான். வாரம் ஒரு நாள் மெட்ராஸில் வயிற்றுத் தோலில் ஒரு ஊசி. வீட்டில் மாத்திரைகள். வாரம் மூன்று நாள் மீஞ்சூரில் டயாலிசிஸ். நாலு மாதத்தில் இரண்டு நடக்க வேண்டும். கெட்ட செல் ரத்தத்திலிருந்து ஒழிய வேண்டும். கிட்னி திரும்ப வேண்டும். இரண்டும் நடந்தால், அவளுடைய நல்ல செல்லையே எடுத்து வைத்துக்கொண்டு, பலமான மருந்தை ஏற்றி எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, எடுத்ததைத் திரும்ப விடலாம். அப்போது சில வருஷம் கிடைக்கும். கிட்னி திரும்பாவிட்டால் அந்தப் பலமான மருந்தை அவள் உடம்பு தாங்காது.

"கிட்னி திரும்புமாம்மா?"

"புரதம் கொறைஞ்சா சிலருக்குத் திரும்பும் ஐயா. சொல்ல முடியாது."

சில வருஷமா, சில மாதமா என்பது அந்த இரண்டு கிட்னியில் இருந்தது. அவற்றை அடைத்ததில் என் டப்பாவுக்கும் பங்கு. இதை அவளும் நானும் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம்.

வேலையை என் கூட்டத்து மூத்த ஆள் ஒருவனிடம் விட்டேன்; சாயங்காலம் மட்டும் ஷெட்டுக்குப் போய்வந்தேன். டப்பாவைக் கொண்டுபோய் ஏரிக்கரைக் குப்பையில் கொட்டினேன். சாயங்காலம் டீ வந்தது, மாத்திரை வரவில்லை. இருபது வருஷமாக என்னோடு இருக்கும் ஆள் கேட்டான்:

"இன்னா மொதலாளி, கஞ்சனாயிட்ட?"

"அது கிட்னிய அரிக்கும்டா. துன்னாத."

"நீ குடுக்கலன்னா நாங்க வாங்க மாட்டமா? நாளைக்கு எழுந்து வரணுமா வாணாவா?"

அவனவன் போய் வாங்கிக்கொண்டான்.

வீட்டில் அவளுக்குத் தண்ணீர் அளந்து கொடுத்தேன். டயாலிசிஸ் ஆட்களுக்குத் தண்ணீர் சேரக் கூடாது. முக்கால் லிட்டர் பாட்டில் ஒன்று. குழம்பு, மோர், டீ எல்லாம் அதற்குள் அடக்கம். மீஞ்சூருக்கு ஆட்டோவில் போகும்போது உதட்டை நக்கிக்கொண்டே சொல்வாள்:

"கடல் தண்ணியவே நல்ல தண்ணியாக்குற மிஷினு இங்கதான் வெச்சுக்கீறாங்க. என்க்கு ஒரு சொம்புக்கு வழியில்ல பாரு."

ஊசி போட்ட நாளும் மறுநாளும் ஒரு மாத்திரை உண்டு. அது உள்ளே போனால் அவளுக்குப் பசி பிடுங்கும், வாய் ஓயாது. என் அக்கா தங்கைகள் கல்யாணத்துக்கு வந்த காலத்திலிருந்து எடுத்து ஒவ்வொருத்தியையும் கழுவி ஊற்றுவாள். மூன்றாம் நாள் அந்த மாத்திரையின் வேகம் இறங்கும். அப்போது கூப்பிட்டால்கூடத் திரும்ப மாட்டாள்.

கிட்னி திரும்புகிறதா என்று பார்க்க எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அவளுக்குச் சிறுநீர் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை. டன் கணக்கில் எடை போட்டவன் கழிவறை வாசலில் குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் வாரம் குவளையின் அடி நனைந்தது, அவ்வளவுதான். மூன்றாம் வாரம் நூற்றைம்பது. இரண்டாவது மாதம் நானூறு. ஒரு திங்கட்கிழமை எழுநூறு வந்தது. நான் குவளையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டேன்.

"எழுநூறுமே! எழுநூறு!"

"அய்ய, கருமம். அத்த கொண்டாந்து கூடத்துல காட்டுறியே. பூ வெச்சி கும்புடு."

ரத்தத்தில் கிட்னியின் கணக்கு ஏழிலிருந்து நாலரைக்கு இறங்கியது. வாரம் மூன்று டயாலிசிஸ் இரண்டாயிற்று. கெட்ட செல் ரத்தத்தில் காணவில்லை என்றார்கள். ரயிலில் திரும்பும்போது, பொன்னேரி தாண்டிப் பச்சை வயல் வந்ததும், எதிரில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆளிடம்கூடச் சொன்னேன், யாராலும் ஆகாது என்ற நோயை நாங்கள் திருப்பிவிட்டோம் என்று. 'நாங்கள்' என்றா சொன்னேன்? 'நான்' என்றுதான் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவது போல் இருந்தாள்.

ஒரு மாதம் அப்படி இருந்தோம். பிறகு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரி. காய்ச்சல் போயிற்று, அதோடு குவளையும் இறங்கியது. முந்நூறு, நூறு, அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி வாரம் மூன்று நாள் மீஞ்சூர். அவள் முன்கையில் இடிக்காமலே நீலம் நீலமாகக் கன்றிப்போயிற்று. நாவற்பழம் நசுங்கிய மாதிரி. பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. அவள் மகளுக்குத் தெரியக் கூடாதென்று முழங்கை வரை புடவையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

மெட்ராஸில் ரத்தம் பார்த்தார்கள். செல் ரத்தத்துக்குள் திரும்பி வந்திருந்தது.

அன்று டாக்டரம்மா என்னைத் தனியாக உட்கார வைத்தாள். இன்னொரு மருந்து இருக்கிறது, பிடித்தால் சில வாரம், இரண்டு மாதம், பிடிக்காமலும் போகலாம். கிட்னி இனித் திரும்பாது. செல் எடுத்து வைக்கும் வைத்தியத்தைப் பற்றி இனிப் பேச வேண்டாம் என்றாள்.

நான் கேட்டுக்கொண்டேன். எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும்மா. அந்த மாத்திரை அவ வாங்கித் துன்னல. நான்தான் குடுத்தேன். எங்க ஆளுங்களுக்குக் குடுக்குற டப்பாலேர்ந்து. அவ வாணாம்னா. நான் குடுத்தேன்."

அவள் எதையும் எழுதவில்லை.

"அந்த மாத்திரை இல்லன்னா கிட்னி நின்னுருக்குமா?"

"நோயே கிட்னிய அடைக்கும் ஐயா. மாத்திரையும் சேந்துக்கிச்சு. எது எவ்வளவுன்னு பிரிக்க முடியாது."

"பாதி இருக்குமா? முக்காவாசி இருக்குமா? சும்மா ஒரு அளவு சொல்லுங்கம்மா."

"சொல்ல முடியாது ஐயா."

"அஞ்சு மாசம் முன்னாடியே கூட்டியாந்திருந்தா?"

"ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். வாய்ப்புன்னு மட்டுந்தான் சொல்றேன்."

அவள் ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவள் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

வீட்டில் மகள் அழுதாள். அந்தப் புது மருந்தையும் பார்த்துவிடலாம் என்றாள். நான் அவளைவிடச் சத்தமாகப் பேசினேன். வேற ஊர் ஆஸ்பத்திரிக்குப் போவோம், எனக்குத் தெரியாத ஆளா, எந்த டாக்டரையும் பார்ப்பேன் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் மனைவி சொன்னாள்:

"போதும். அந்த மீஞ்சூரும் போதும். ஊசியும் போதும்."

"இன்னாமே பேசுற? நான் நவுத்தாத மிஷினா? இத்த உட்டுருவனா?"

"எல்லா மிஷினையும் நவுத்துனியா நீ?" என்றாள். "அந்தக் காலத்துல ஒரு பழைய பிரஸ்ஸு. அடியோட துருப்புடிச்சு நின்னுச்சே. நாலு நாள் இழுத்து, சங்கிலி அறுந்து, ஊட்டுக்கு வந்து சோறு துன்னாம படுத்தியே. அப்பால அத்த அந்த எடத்துலயே உட்டுட்டு வந்தீங்களா இல்லியா?"

அது நடந்து இருபத்தைந்து வருஷம் இருக்கும். நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதும்போதுகூட, மேலே பெருமை பேசிய இடத்தில் அதை விட்டுவிட்டேன். அவளிடமும் சொன்னதாக நினைவில்லை. யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

"எம்மா, நிறுத்துனா இன்னா ஆகும்னு தெரியுமா?" என்றாள் மகள்.

"டாக்டர் சொல்லிச்சு. ஒரு வாரம், பத்து நாள். தூக்கம் தூக்கமா வருமாம். நல்லதுதான? ஒங்க நைனாவக் கட்டிக்கினு என்னிக்கி நான் தூங்கினேன்?"

மகள் என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் சொல்லவில்லை. என் மனைவி சொன்னது சரியா, அல்லது நான் களைத்துப்போய் ஒத்துக்கொண்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை டயாலிசிஸுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தாள். முதல் மூன்று நாள் நன்றாகத்தான் பேசினாள். கிட்னிக்கு ஆகாது என்று மாதக்கணக்கில் ஒதுக்கி வைத்த தக்காளித் தொக்கு கேட்டாள். மகள் செய்து போட்டாள். உப்பு பத்தவில்லை என்று திட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.

அந்தப் புதன்கிழமை காலை, அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குப் போன் வந்தது. மீஞ்சூரிலிருந்து. டயாலிசிஸில் அவளுக்கு ஊசி குத்தும் நர்ஸ் பெண்.

"ஐயா, அம்மா திங்கக்கெழமையும் வரல. இன்னிக்கும் காணோம். வண்டி கிடைக்கலியா?"

நான் வாசலுக்கு வந்தேன். "இனிமே வர்ல கண்ணு. நிறுத்திட்டோம்."

அவளுக்குப் பின்னால் டயாலிசிஸ் மெஷின்களின் சத்தம் கேட்டது.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"துன்னுக்கினு கீறா."

"சரிங்க ஐயா." தயங்கினாள். "இங்க ரெண்டு மாசமா ஒருத்தர் எடம் கேட்டுக்கிட்டு இருக்காரு. அம்மாவோட நேரத்த அவருக்குக் குடுத்துடவா?"

திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு மணி. ஜன்னலோரப் படுக்கை. நான்தான் சண்டை போட்டு அவளுக்கு வாங்கிக் கொடுத்த இடம்.

"குடுத்துடும்மா" என்றேன்.